ஒன்றாம் எண் கூண்டு

மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள்.
முப்பத்தெட்டு வருடம் கழற்றாதது.
சோப்பு நுரை போட்டுத்
திருகித் திருகி எடுத்தான் என் தம்பி ரெக்சன்.
மாதா சுரூபம் கோத்த சங்கிலி, கொண்டை ஊசி,
இடுப்புச் சாவிக்கொத்து எல்லாம்
ராமநாதபுரம் ஸ்கேன் சென்டரின் நீலத் தட்டில் கிடந்தன,
விலை போகாத பொடிமீன் மாதிரி.

"அசையாதீங்கம்மா, இருபத்தஞ்சு நிமிஷம்."

உள்ளே ஒரே சத்தம்.
ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே
பாதி ஆயுசைக் கழித்தவள்.
தூக்கம்கூட வந்தது.
தூங்கக் கூடாதென்று
தெற்குவாடியில் நிற்கும் படகுகளை எண்ணினேன்,
பெயர், நம்பர், பாக்கி எவ்வளவு என்று.
முப்பத்தொன்று வரை தடங்கலில்லை.
அடுத்து ஒரு பச்சைப் படகு.
முகப்பில் பெயர் எழுதுகிற இடத்திலும்
வெறும் பச்சை.

திரையில் என் தலை,
குறுக்கே வெட்டி வைத்த நண்டு.
டாக்டர் ஹஸீனா பேனா முனையால் தொட்டார்:
"இந்த இடத்துக்குக் கடல்குதிரைன்னு பேரு.
ரெண்டு பக்கமும் உண்டு.
இடது பக்கம், உங்க வயசுக்கு,
கொஞ்சம் கூடுதலாச் சுருங்கியிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கடல்குதிரை வலையில் ஏறினால்
தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும்.
காய வைத்தவன் வீட்டுக்கு வனத்துறை ஜீப் வரும்.
நான் ரெண்டு வைத்திருக்கிறேன்
காதுக்கு உள்ளே தள்ளி,
அறுபது வருடமாக,
ஒருத்தருக்கும் தெரியாமல்.
டாக்டரும் சிரித்தார்.
ரெக்சன் சிரிக்கவில்லை.

"லேசானதுதான். இப்பவே தெரிஞ்சது நல்லது.
கூடவும் செய்யலாம், இப்படியே நிக்கவும் செய்யலாம்.
ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்."

லேசானது.
உச்சிப்புளி தாண்டும்வரை
அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றேன்.

பாலத்தில் பஸ் ஏறியபோது
பாம்பன் துறைமுகத்தில் கூண்டு தெரிந்தது. ஒன்றாம் எண்.
அந்தமானுக்கு அந்தப் பக்கம் எங்கோ
காற்று ஒரு முடிச்சுப் போடுகிறது என்று அர்த்தம்.
இங்கே வரலாம். ஆந்திராவுக்குப் போகலாம்.
கடலிலேயே கரைந்தும் போகலாம்.
ஒன்றாம் எண்ணுக்கு யாரும் அலறுவதில்லை.
டீக்கடை திறந்துதான் இருக்கும்.
ஆனாலும் போகிற போக்கில்
நங்கூரக் கயிற்றை ஒரு தரம்
இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

"கணக்கை இனிமே நான் பாத்துக்கிறேன்க்கா" என்றான் ரெக்சன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெஷினுக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவர் நாகூர்கனி.
போன ஐப்பசியில் அவருக்கு நண்டுக் காசு
பதினோராயிரத்து முந்நூறு.
திங்கட்கிழமை கொடுத்தேன்.
வெள்ளிக்கிழமையும் கொடுத்தேன்.
ஜும்மா முடிந்து வந்தவர்
நோட்டுக்கட்டைப் பிரிக்காமல் என் மேசையில் வைத்து
"அக்கா, டீ சொல்லவா?" என்றார்.
வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி
அதற்கு முந்திய பக்கங்களைப் புரட்டினேன்.
எல்லாம் என் கையெழுத்து.
கூட்டலில் பிசகில்லை.
கொடுத்து எழுதியது இருக்கிறது.
கொடுத்து எழுதாதது
எந்தப் பக்கத்தில் இருக்கும்?
வாங்கிக்கொண்டு, டீ சொல்லாமல்,
சும்மா போனவர்கள் எத்தனை பேர்?
படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல்.
படகுக்காரர் ஒருவர் முகமும் இல்லை.

விடிய மூன்று மணிக்கு ஏலம்.
நோட்டில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கோடு இழுத்திருந்தேன்:
வாங்கியவர் கையெழுத்து.
முதலில் வந்தது கிளிட்டஸ்.
"என்னக்கா இது, நம்பிக்கை இல்லையா?"
"உன் மேலே இருக்கு" என்றேன்.
பேனாவை உதறி உதறிப் போட்டான்,
ஈரக் கையால், கோட்டுக்கு வெளியே.

வெளிச்சம் வந்ததும் கரையைப் பார்த்தேன்.
நீலம், நீலம், ஒரு மஞ்சள்.
பச்சை எதுவும் நிற்கவில்லை இன்றைக்கு.
நின்றிருந்தால்
நடந்து போய்ப் பெயரைப் படித்திருப்பேன்.