தெரியாதது

கட்டம் போட்ட நோட்டின் முதல் வரி
ஒரெஸ்ட் நிலவறையில் நின்று
காற்றுக்குழாயை அண்ணாந்து அளந்த
நவம்பர் இரவில் எழுதியது:
உயரம் ஆறடி ஓரங்குலம்.
டானிலோ ஐந்தடி நான்கு.
போதும்.

அப்போது அவன் மேலே
சோபாவில் படுத்துக்கொண்டிருந்தான்,
டிரம்ஸ் குச்சிகளைத் தலையணைக்கடியில் வைத்து.
இரண்டு அறை வீடு.
வினிப்பெக்கில் இப்படி எத்தனையோ,
காலுக்குக் கீழே ஒரு முழு வீட்டை
சலவை இயந்திரத்துக்கும் கிறிஸ்துமஸ் பெட்டிகளுக்கும்
வாடகையில்லாமல் விட்டுவைத்து.

சுவர்ச்சட்டம், பலகை, வெப்பக்காப்பு.
தீப்பிடித்தால் ஏறி வெளியேற
ஒரு பெரிய ஜன்னல்,
அது இல்லாமல் நகராட்சி
படுக்கையறை என்ற சொல்லையே அனுமதிக்காது.
கம்பளம். நான்கு விளக்கு.
ஒரெஸ்ட் தச்சுப் பென்சிலால்
சின்ன ஃப்ரிட்ஜ் என்று சேர்த்தான்.
அடித்தேன்.
மறுநாள் மறுபடி இருந்தது,
இம்முறை இன்னும் சின்ன எழுத்தில்.

கடைசி வரிசைக்குத்தான் சண்டை.
தெரியாதது: ஆயிரத்து எண்ணூறு.
"தெரியாததற்கு எப்படி விலை போடுவாய், லெசியா?"
பத்தில் ஒரு பங்கு, என்றேன்.
பள்ளிச் சமையற்கூடத்துக்கு
இருபது வருடம் கணக்கெழுதியவள் நான்.
பால் எப்போதும் கொட்டும்.

ஆகமொத்தம் பதினெட்டாயிரம்.
மாதம் முன்னூற்றைம்பது.
ஐம்பத்தொரு மாதம் சத்தமில்லாமல் போயிற்று
என்று சொல்லலாம்,
ஆனால் சத்தம் இருந்தது.
முதலில் டிரம்ஸ்.
பிறகு ஒருநாள், துணி எடுக்கப் போனவன்
காற்றுக்குழாயில் தலையை மோதிய
'ணங்'.
ஆறடி இரண்டு.
நாங்கள் சேர்த்ததைவிட
வேகமாகச் சேர்த்திருக்கிறான்.

தரையைத் தோண்டித் தாழ்த்தினால்?
அறுபதாயிரம் என்று ஒரு தாள் வந்தது.
ஒரெஸ்ட் அதை நான்காக மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்குக் கீழே செருகினான்.
இன்றுவரை ஆடவில்லை.

ஏப்ரலில் பனி உருக,
ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து
நான்கு ஓரமும் டேப் ஒட்டினோம்.
ஐந்து டாலர் சோதனை.
நான்கு வருடம் ஏன் ஒட்டவில்லை
என்று கேட்காதீர்கள்.
இரண்டாம் நாள் அடிப்பக்கம் முழுக்க
முத்து முத்தாய் நீர்.

ரொமுவால்டோ முட்டிபோட்டு
உள்ளங்கையைத் தரையில் வைத்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"ஆற்றுக் களிமண். குளிரில் சுருங்கும்,
வசந்தத்தில் குடிக்கும். வீட்டின் குற்றமில்லை."
சுற்றிலும் வடிகால், மூலையில் குழி, ஒரு பம்பு:
பதினோராயிரத்து இருநூறு.
எழுத நான் திறந்த இடம்
தெரியாதது என்ற கட்டம்.
எண் அதில் கொள்ளவில்லை,
பக்கத்துக் கட்டத்திலும் ஏறி நின்றது,
கம்பளத்தின் மேல்.

ஜன்னலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டிருந்தது.
சுவரை அறுத்த வாரத்தில்தான்
டானிலோ சொன்னான், தாம்ப்சனில்
சுரங்க வேலை கிடைத்திருக்கிறது என்று.
ஆயிரம் மீட்டர் ஆழமாம்.
"அங்கே கூரை உயரம், அம்மா."
ஒரெஸ்ட் சிரித்தான். எனக்குச் சிரிப்பு
வியாழக்கிழமைதான் வந்தது.

மிச்சப் பணத்தில் வடக்குச் சுவருக்கு மட்டும்
காப்பு போட்டோம்.
மற்ற மூன்றும் சிமெண்டாகவே நிற்கின்றன.
வருகிறவர்கள் படியிறங்கிப் பார்த்து,
"எப்போது தொடங்கப் போகிறீர்கள்?" என்கிறார்கள்.
முடித்துவிட்டோம் என்று
எதைக் காட்டுவது,
மண்ணுக்குள் ஓடும் குழாயையா?

மழை இரவுகளில் பம்பு இரைந்து எழும்.
இருவருக்கும் விழிப்பு வரும்.
"பதினோராயிரத்து இருநூறு" என்று
முனகிவிட்டு அவன் புரண்டு படுப்பான்.

டிசம்பரில் பையன் வருகிறான்.
காற்றுக்குழாயைச் சுற்றி
பஞ்சுத் தாள் கட்டியிருக்கிறேன், ஆறே கால் டாலர்.
எந்த வரிசையில் எழுதுவது என்று
பென்சிலோடு இன்னும் நிற்கிறேன்.
ஃப்ரிட்ஜ் மறுபடி முளைத்திருக்கிறது,
ஓரத்தில்,
எறும்பளவு எழுத்தில்.