முப்பத்தெட்டாம் நிரை

குருமண்வெளித் துறையில் பாதை வரும்வரை
எழுபத்துநாலு படிவமும் ஒரு நைலோன் நூலும்
பொலித்தீன் பைக்குள் சுற்றி மடியில் வைத்திருப்பேன்.
பாதை என்றால் எங்களுக்குத் தண்ணீரில் மிதப்பது.
மோட்டார் சைக்கிள்கள், தவிட்டு மூட்டை, நான்.

மண்டூரில், தம்பலவத்தையில்,
வெல்லாவெளிக்கு அப்பால் வயல்வாடிகளில்
சீனி வருத்தக்காரரின் கால்களைக் கழுவித் துடைத்து
கண்ணை மூடச் சொல்வேன்.
நூல் வளையும்வரை அழுத்துவேன், அதற்குமேல் இல்லை.
ஒரு காலுக்குப் பத்து இடம்.
"தெரியுதா?"
"தெரியல்ல புள்ள."
"இப்ப?"
"தொட்டுட்டியா?"

அதுவரை நான் அறியேன்,
காலைத் தன்னோடு வைத்துக்கொண்டே
ஒருவர் அதைத் தொலைத்திருக்க முடியும் என்று.
முள் ஏறியது தெரியாமல் வெட்டி முடிப்பார்கள்.
இரவு பாயில் இரத்தம் கண்டு
பெஞ்சாதி கேட்டால்தான்.

குளிசை ஆறு மாதம்.
கதிராமப்போடி, படிவம் முப்பத்தெட்டு,
புரட்டாதியில் தன் இடது காலை
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
முழங்காலுக்குக் கீழே விட்டுவிட்டு வந்தார்.
மார்கழியில் திரும்பவும் நூலோடு போனபோது
இடது என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன்.
மை கொஞ்சம் கசிந்தது. வெளியே வெள்ளம்.
இருபத்துமூன்று பேர் வரவேயில்லை.

கட்டுரை வந்தது ஆனியில்.
ஐந்து பெயர், நாலாவது என்னுடையது.
மூன்றாமவரைப் பாதையில் ஒருநாளும் கண்டதில்லை.
கொழும்பில், வாகனம் விடும் இடத்தில், ஒருமுறை.
அண்ணன் அதைப் பேஸ்புக்கில் போட்டான்.
நூற்றிப்பதினாறு பேர் வாழ்த்தினார்கள்.
ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்,
இரண்டு கிழமை வாசிக்காமலே.

வாசித்தபோது
எழுபத்துநாலு பேரும் வந்திருந்தார்கள்.
இணைப்புக் கோப்பைத் திறந்தேன்.
முப்பத்தெட்டாம் நிரை, இடது கால், ஆறாம் மாதம்:
பத்துக்குப் பத்து.
ஆஸ்பத்திரி எரித்த கால்
எந்த நூலுக்கோ கண்ணை மூடிக்கொண்டு
பத்துத் தடவையும்
தெரியுது என்று சொல்லியிருக்கிறது.

சேர் கோபப்படவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.
"வராத ஆக்களுக்கு மதிப்பு வைக்கிறது வழமைதான்,
அதுக்கு முறை இருக்கு."
"கால் இல்லாத ஆளுக்கும் இருக்கா சேர்?"
ஜன்னலைப் பார்த்தார்.
நல்ல மனிதர். வெள்ளத்தில்
சொந்தக் காசில் வள்ளம் பிடித்து மருந்து அனுப்பியவர்.
பேராசிரியர் பதவிக்கு ஒரு கட்டுரை குறைந்திருந்தது.
"அடுத்ததில உங்கட பெயர்தான் முதல்."
சீனி கூடிப்போன தேத்தண்ணி.
குடித்து முடித்துத்தான் எழும்பினேன்.

அந்தக் கிழமையே துறையில் அவரைக் கண்டேன்,
கட்டையை அக்குளில் இடுக்கியபடி.
"பேப்பர்ல வந்திட்டாமே புள்ள, குளிசை நல்லமாம்.
மத்தக் காலுக்குப் போடட்டா?
களுவாஞ்சிக்குடியில விக்கிறாங்கள்.
விலைதான் கூட."
"போடாதீங்க" என்றேன்.
"அப்ப ஏன் நல்லமெண்டு எழுதின?"
பாதை வந்தது. இரண்டு பொடியன்கள் அவரைத் தூக்கி ஏற்றினார்கள்.
நான் ஏறவில்லை.

இதழாசிரியருக்கு எழுதியதில் பாதிக்குமேல் அழித்தேன்.
சேரின் வள்ளத்தைப் பற்றி எழுதியதையும்.
மிஞ்சியது நிரையின் எண்,
மை கசிந்த படிவத்தின் படம்.
நலமுரண் உண்டா என்று கேட்ட பெட்டியில்
நெடுநேரம் நின்றுவிட்டு அடித்தேன்:
உண்டு. நாலாவது பெயர்.

உடனே ஒரு பதில், யாரும் எழுதாத பதில்:
உங்கள் மடல் கிடைத்தது.
பிறகு ஆடி. ஆவணி.
அவர் கால் போன புரட்டாதியும் திரும்பி வந்துவிட்டது.
மாதம் ஒருமுறை அதே மடலை
அதே இடத்தில் வைத்து அழுத்துகிறேன்,
வளையும்வரை.

இப்ப?