கழிவு

ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடியில்
மூன்றே பேருள்ள பராமரிப்பு நிலையம்.
படிவத்தில் பதினெட்டுக் கட்டங்கள்:
முழங்கையால் தொட்டுப் பார்த்த வெந்நீர்,
கட்டில் கம்பி, பிரஷர், நகம்.
"பார்க்காததை எழுதாதே" என்பார் ஜெசிந்தா மிஸ்.

திங்கள், நிறை எடுக்கும் நாள்.
போர்த்திய கம்பளியோடு தராசில் நிற்கிறார்
பழைய கணக்கப்பிள்ளை தங்கவேலாயுதம்.
அவர் முதுகுக்கு ஒரு விரல்கடை தள்ளி
என் கை.
தொட்டால் நிறை பொய்யாகும்,
விட்டால் விழுவார்.

மழை நாளில் அம்மாவின் கொழுந்தில்
ஈரத்துக்கு மூன்று, சாக்குக்கு இரண்டு
கழித்தவர்.
என்னைத் தெரியாது.

படுக்கவைத்து, வேறு போர்வை போர்த்தி,
கம்பளியைத் தனியே நிறுத்தேன்.
ஒரு கிலோ இருநூறு.
அவ்வளவுதான் கழித்தேன்.
நேரம் ஒன்பது பத்து. கையெழுத்து.

"எவ்வளவு புள்ள?"
நாற்பத்தாறு தொள்ளாயிரம்.

"சரியாப் பார்த்தியா?" என்றார்.