பச்சைச் சாவி

ஏழாவது தடவையும் கிடங்கில் விழுந்தேன்.
இடது பொத்தானை அழுத்திப் பிடிக்க
விழுந்த உடம்பு மேலெழும்பி
விளிம்பில் வந்து நிற்கிறது,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.

பச்சையாய் மினுங்கும் சாவிக்கு மட்டும்
இந்தச் சட்டம் செல்லாது.
காலம் பின்னால் போனாலும்
எடுத்த கையிலேயே இருக்கும்.
அதை வைத்துத்தான் கதவு.
கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு.

உவர்மலை முழுக்கக் கரண்ட் போனது.
ஜன்னலுக்கு வெளியே
குப்பை வாளிக்குள் தலைவிட்ட மான்
போன் வெளிச்சத்தில் என்னைக் கண்டு
மூன்றடி பின்னால் போனது.
நான் எதையும் அழுத்தவில்லை.

மத்தியானம் விதுர்ஷாவுக்குச் சொன்னதை
இருட்டில் பின்னோக்கி ஓட்டினேன்:
உட்துறைமுக வீதி, அவள் ஸ்கூட்டி, ஹெல்மெட்,
சொல் என் வாய்க்குள் திரும்பியது.
அவள் முகம் மட்டும்
பச்சையாய்,
அப்படியே.