ஆட்டம்

டேனரி ரோடு வேகத்தடையில்
முன்பக்கம் இடதில் ஒரு டொக்.
மழை நாளில் இரண்டு.
பாட்டுச் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன்.
கண்ணாடிகளை ஏற்றிப் பார்த்தேன்.
எட்டு மாதம் அப்படி ஓடியது.
டயர்தான் எதையும் மறைக்கவில்லை,
உள்விளிம்பு வழுக்கையாகி
நூல் தெரியத் தொடங்கியது.

அல்சூர் ஏரிப் பக்கத்துச் சந்தில் தஸ்தகீரின் ஷெட்.
சக்கரத்தின் தலையையும் காலையும் பிடித்து ஆட்டினார்.
இடுக்கில் கம்பி கொடுத்து நெம்பினார்.
"டார்ச்ச இப்படிப் பிடிங்க."
ரப்பர் உறை கிழிந்திருந்தது.
கிரீஸ் இருந்த இடத்தில்
மெட்ரோவுக்குத் தோண்டிய மண்.
"பால் ஜாயிண்ட் ஆட்டம் கண்டுருச்சு மேடம்.
ஒரு அரிசி அளவுதான்.
ஆனா இது கழண்டா சக்கரம் படுத்துக்கும்."

பந்துக் கிண்ண மூட்டு என்று
எட்டாம் வகுப்பில் தோள்பட்டை வரைந்திருக்கிறேன்.
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் ஜாக்கி தேடப் போய்விட்டார்.

ஓப்பல் கோர்சா, இரண்டாயிரத்து மூன்று.
கம்பெனி நாட்டை விட்டுப் போய்விட்டது.
வாங்கியவனும் போனான், அது வேறு நாடு.
குடும்பநல நீதிமன்றத்தில் பட்டியல் போட்டபோது
கிரைண்டருக்கும் கட்டிலுக்கும் நடுவே
ஒரு வரியாக வந்தது என் பக்கம்.

ஜே.சி. ரோட்டில் ஆறு கடைகள் கைவிரித்தன.
ஏழாவதில் தூசி தட்டி ஒரு ஜோடி எடுத்து வைத்தார்கள்.
"இடது மட்டும் போதுமே."
"வலதும் அதே ரோட்லதானம்மா வந்துச்சு?"

துருவேறிய போல்ட் ஒன்று பிடிவாதமாயிருந்தது.
டீசல் விட்டார். சுற்றிலும் தட்டினார்.
டீ சொன்னார், குடித்தோம்.
மறுபடி டீசல்.
"அவசரப்பட்டா தலை மட்டும் கையோட வரும்."
நீளக் குழாயைக் கொடுத்து அழுத்தியதில்
பொத்தென்று கழன்றது.
தொங்கப் பார்த்த ஹப்பை
ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கம்பியால் கட்டினார்,
பிரேக் ட்யூப் மேல் பாரம் விழக் கூடாதாம்.
பிரிக்கும்போது எதைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமென்று
என் வக்கீலுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் ரிவெட்டுகள்.
மூன்று, கம்பெனி அடித்தவை.
தலையைத் துளைத்தால்தான் வரும்.
டிரில் கத்தியது,
இரும்புச் சுருள்கள் சூடாக என் செருப்பில் விழுந்தன.
இரண்டு வந்தன.
மூன்றாவதில் முனை வழுக்க
உருதுவில் ஏதோ தொடங்கியவர்
என்னைப் பார்த்துப் பாதியில் விழுங்கிக்கொண்டார்.

புதுசின் பெட்டியில் ரிவெட் இல்லை.
மூன்று போல்ட், மூன்று நட்.
"ஏன்?"
"கம்பெனில ஒரே தடவைன்னு நெனச்சு அடிக்கிறாங்க.
ஸ்பேர் செய்றவனுக்குத்தான் தெரியும்."

சிரித்தேன். தேவைக்கு அதிகமாகவே.
அடுத்த மாதம் பதினான்காம் தேதி
பதிவாளர் அலுவலகத்தில் எங்களுக்கு நேரம்
என்பது அவருக்குத் தெரியாது.

"போல்ட்டுன்னா லூசாகாதா?"
"ஆகும். ஐநூறு கிலோமீட்டர்ல வாங்க,
இன்னொரு தடவை இறுக்கித் தரேன்.
ரிவெட்ல அந்த வசதி இல்ல."

வலப்பக்கம் முடிவதற்குள் இருட்டிவிட்டது.
பழைய இரண்டையும் அதே பெட்டியில் போட்டுத் தந்தார்.
இரண்டு விரலால் தொட்டாலே
எந்தப் பக்கமும் சுழன்றது பந்து,
ஒரு மறுப்பும் இல்லாமல்.
புதியதைக் கடையில் திருப்பிப் பார்த்தபோது
மணிக்கட்டு வலித்தது நினைவுக்கு வந்தது.

டேனரி ரோடு. வேகத்தடை.
பாட்டு போடவில்லை.
டொக் வரவேண்டிய இடத்தில்
என் தோள் மட்டும் ஒருதரம் குறுகி நிமிர்ந்தது.

கிருபாகரன் கேட்டிருந்தான்: சரியாயிடுச்சா?
சிக்னலில் மீட்டரைப் பார்த்தேன். 1,43,672.
ஐந்நூறு கூட்டி
இன்சூரன்ஸ் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.
பிறகு பதில் அனுப்பினேன்:
இப்போதைக்கு ஆட்டம் இல்லை.