மூலப்பிரதி

"மூலம் கொண்டு வந்தீர்களா?"
நாளுக்கு இருபது தடவை கேட்பேன்.
புதுக்கடையில், நொத்தாரிசின் மாடிப்படிக்குக் கீழே
என் மேசை, என் இறப்பர் முத்திரை,
பிரம்பு பிய்ந்த என் கதிரை.
பிறப்புப் பத்திரம், காணி உறுதி, விவாகரத்துத் தீர்ப்பு,
எதுவானாலும்
மூலம் பாராமல் ஒப்பமிட மாட்டேன்.

பதினேழு வருடம் ஒரே கதிரை.
அது என் உடம்பில் எழுதி வைத்ததற்கும்
அதே பெயர்தான் என்பது
இரத்தம் கண்ட காலையில்
கழிப்பறையில் வைத்துத்தான் உறைத்தது.
சிரிப்பு வந்தது.
சிரித்தால் நொந்தது.

வீட்டில் இடுப்புநோ என்று சொன்னேன்.
மனுசன் எண்ணெய் வாங்கி வந்து
மூன்று கிழமை இடுப்பில் தேய்த்தார், பாவம்.

வெள்ளவத்தையில் நூற்றைம்பத்துநாலு ஏறினேன்.
"சீட் இருக்கு மிஸ், இருங்க"
கொண்டக்டர் விடவேயில்லை.
பொரளை வரை நின்றேன்,
யாருக்கோ மரியாதை செய்வது போல.

ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் நம்பர் அறுபத்துமூன்று.
அரைத்திரைக்குப் பின்னால் டொக்டர் சுஜீவனி.
"மொகத அமாருவ?"
எனக்கு மூன்று மொழி.
கொலை வழக்கில் கத்தி இறங்கிய ஆழத்தை
அரை அங்குலம் பிசகாமல் சொல்லிக் கொடுத்தவள்.
"வாடிவெனகொட..." என்று தொடங்கி
அங்கேயே நின்றுவிட்டேன்.
மீதியை அவர் முடித்தார்: "அர்ஷஸ்."
தடிமன் என்பது போலச் சொன்னார்.

என்ன நிறம், எத்தனை நாள், எடை குறைந்ததா,
குறுக்கு விசாரணை.
பிறகு,
பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து
வேறொன்றும் இல்லையென்று கடிதம் கொண்டு வா,
அதுவரை மருந்து எழுத மாட்டேன் என்றார்.
மூலம் பாராமல் ஒப்பமிடாத
இன்னொருத்தி.

கடிதத்தோடு திரும்பிய நாள்
மருந்து வரிசையில் எனக்கு முன்னால்
சட்டத்தரணி றிபாய்தீன்.
சாட்சிகளை அழவைக்கும் அந்தக் குரல்
இங்கே ஒரு துண்டைக் கையில் மடித்து மடித்து
சுவரைப் பார்த்து நின்றது.
இருவரும் காணவில்லை இருவரையும்.
போகும்போது மட்டும், என்னைப் பாராமலே:
"மருதானையில காத்தடிக்கிற குஷன் விக்கிறாங்க, மிஸ்.
நடுவில ஓட்டை உள்ளதா வாங்குங்க."

எட்டுச் சுண்டு தண்ணீர் ஒரு சுண்டாக வற்றவேண்டும்.
காஸ் விற்கிற விலையில்.
மூன்றாம் மாடி முழுக்க மணந்தது.
"ஆருக்குக் காய்ச்சல்?" என்று றொசாலின் அக்கா கதவில்.
எனக்குத்தான், அது காய்ச்சலில்லை என்றேன்,
முதல் தடவையாக வாய்விட்டு.
"ஐயோ, எனக்கு ரெண்டு பிள்ளைப்பேறு தொட்டு இருக்கு"
உள்ளே வந்து கதிரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

கொச்சிக்காய் இல்லை. கருவாடு இல்லை.
சம்பல் இல்லாத பானை
கண்ணை மூடிக்கொண்டு தின்றேன்.
படுக்கப்போகையில் திரிபலைச் சூரணம், ஒரு கரண்டி மண்.
அதற்கு முன்,
மகளைக் குளிப்பாட்டிய அதே நீல பேசினில்
இளஞ்சூட்டு நீர்.
பதினைந்து நிமிடம் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.
வெளியே போன் அடிக்கும், மகள் கூப்பிடுவாள்,
எவரோ ஒருவரின் உறுதி நாளைக்கு வேண்டும்.
நீர் ஆறும்வரை
எந்த மொழியும் என்னிடம் வராது.

அது போய்விட்டதென்று சொல்ல மாட்டேன்.
கொஞ்சம் அடங்கியிருக்கிறது.
மணிக்கொரு தடவை எழுந்து நடக்கிறேன்,
கட்சிக்காரர் காத்திருக்கட்டும்.

போன புதன், ஏழாம் இலக்க மன்றில்
றிபாய்தீன் எழுந்தார்:
"கனம் நீதிபதி அவர்களே,
எதிர்த்தரப்பு இன்னும் மூலத்தைக் காட்டவில்லை."
முகத்தில் ஒரு மயிர் அசையவில்லை.
நானும் அசையாமல் சிங்களத்தில் சொன்னேன்.
எதிர்த்தரப்பு இளம் சட்டத்தரணி மட்டும்
நாலாவது தடவையாக
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து,
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் அவனுக்கொரு துண்டு எழுதினேன்.
பொரளை. ஆறு மணிக்கு முன் நம்பர் எடுக்கவும்.
எந்த மொழியில் என்று யோசித்து
மூன்றிலும் எழுதினேன்.
முத்திரை குத்தவில்லை.