குமிழி

ஒன்பதாம் கணினி. மவுஸ் ஒன்று, நாங்கள் இருவர்.
கட்டமும் படமும் நான், பேச்சு நீலவேணி.
தலைப்பு, நேற்று எங்கள் வீட்டில்.
கட்டுரை என்றால் முன்னுரையோடு நின்றுபோகிறவள்
அன்று தட்டிக்கொண்டே இருந்தாள்.

முதல் கட்டத்தில் துறைமுகத்திலிருந்து அப்பா.
டீசல் விலை, ஏலக்காரன், முகத்துவாரத்து மணல்
எல்லாம் ஒரே குமிழிக்குள்.
அந்தச் செயலியில் ஒரு வம்பு,
பேச்சு நீள நீள எழுத்து சிறுக்கும்.
அப்பாவின் கோபம் எறும்பு வரிசையாகி
வெறும் புள்ளிகளாயிற்று.

அடுத்த கட்டம், அம்மா.
"சரி."
குமிழி முழுக்க அதுவே,
விளிம்பில் இடிக்கிற மாதிரி.
"பெருசா இருக்கே, குறைக்கட்டுமா?"
"விடு."

மூன்றாவதில் அவளை வரைந்திருந்தேன்,
வாசற்படியில், ரெட்டைச் சடையோடு.
குமிழியை வைத்தாள், அதன் வாலை
வாய்வரை இழுத்தாள்.
ஒன்றும் தட்டவில்லை.
கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

மணி அடித்துவிட்டது.
சேமிக்கவா என்றது திரை.

மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் பேருந்தில்
நசுங்கி நின்றபடி கேட்டேன்,
"நாளைக்கு என்ன எழுதப்போறே?"
"சின்னதா ஒண்ணு" என்றாள்.
கெடிலம் பாலம் வந்தது.
அதற்குமேல் சொன்னது
காற்றில் போயிற்று.